வழிந்தது கணக்கில்லை

அவர் குடை பிடித்துக்கொண்டுதான் மழையை அளப்பார். காலை ஆறு மணி. ஆபீஸ் முற்றத்தில் ரோசாச் செடிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கம்பி வேலி. அதற்குள் மண்ணில் பாதி புதைத்த ஒரு செம்பு வாளி. வாளியின் வாயில் புனல், புனலுக்குக் கீழே வாளிக்குள் ஒரு போத்தல். கறுப்புக் கோட்டின் எல்லாப் பட்டனையும் பூட்டிக்கொண்டு வருவார். வேலிக் கதவைத் திறக்கும் முன்பு குடையை இடது தோள் பக்கம் சாய்ப்பார். குடையிலிருந்து ஒரு சொட்டுக்கூடப் புனலில் விழுந்துவிடக் கூடாது. வானத்திலிருந்து நேரே விழுவது மட்டும்தான் மழை, குடையில் பட்டு விழுவது மழை இல்லை. அப்படிப்பட்ட மனிதர்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகும் பெண்கள், கம்பளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போவார்கள்.

"ஐயா மழைய பால் கறக்கப் போறாரு. சத்தம் போடாதீங்கடி, மாடு ஒதைச்சிரும்."

அவர் திரும்ப மாட்டார். அட்டை கணுக்காலில் ஏறி ரத்தம் குடித்துக்கொண்டிருந்தாலும், போத்தல் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து முடிக்கும் வரை குனிந்து அதைத் தட்ட மாட்டார்.

இதை எழுத உட்கார்ந்தபோது அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை முதலில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கோபம் முந்திக்கொண்டு வருகிறது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் அது ஆறவில்லை. இருந்தாலும் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். அது தெரியாவிட்டால் என் கோபம் எதற்கு என்று யாருக்கும் புரியாது.

அவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். நான் அதே தோட்டத்துத் தபால்காரன். எங்கள் தோட்டம் மடுல்சீமை மலையில், வண்டிப் பாதை முடிந்த பிறகும் ஏற வேண்டிய இடத்தில் இருந்தது. தோட்டத்துப் பையை முதுகில் போட்டுக்கொண்டு தினமும் நாலு மைல் இறங்கி, கடைவீதியில் இருக்கிற தபால் கந்தோருக்குப் போய், மறுபடியும் நாலு மைல் ஏறுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இலக்கம் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது பயம் ஒன்றுதான். பையின் வாயைக் கட்டிவிட்டு நூறு அடி நடந்ததும் அவிழ்ந்திருக்குமோ என்று நின்று பார்ப்பேன். ஓடையைத் தாண்டுமுன் திரும்பி வரும்போது இந்தப் பாதை இருக்குமா என்று யோசிப்பேன். ஆட்கள் குடியிருக்கிற லயத்து வரிசையில் யாருக்காவது ஒரு நாள் காய்ச்சல் என்றால் நான் இரண்டு நாள் சாப்பிட மாட்டேன். "தபால்காரன் பயம்" என்று தோட்டத்தில் ஒரு பேச்சே இருந்தது. பிள்ளைகள் நிழலைக் கண்டு அழுதால் தாய்மார் அப்படித்தான் சொல்வார்கள்.

கிளாக்கரையா பயப்பட்டு நான் பார்த்ததில்லை. ஸ்பிரிங்வெளியில் ஏதோ ஒரு லயக் காம்பராவில், ஒற்றை அறையில் பிறந்து, பதுளையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து மேலே வந்தவர். அதனாலோ என்னவோ லயத்துப் பக்கம் காலே வைக்க மாட்டார். ஆனால் லயத்து ஆட்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றால், இந்தியாவிலிருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். சொன்னதை மட்டும் எழுதுவார். "சும்மா ரெண்டு வார்த்த சேத்து நல்லா இருக்கோம்னு போடுங்கய்யா" என்று ஒரு கிழவி கேட்டதற்கு, "நல்லா இருக்கியா நீ?" என்று கேட்டார். கிழவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர் அந்த வரியை எழுதவில்லை.

எங்கள் ஊவாப் பக்கத்து மழை மற்றச் சீமை மழை மாதிரி இல்லை. நுவரெலியாப் பக்கம் ஆனி ஆடியில் ஊற்றும்போது எங்களுக்குக் கச்சான் காற்று அடிக்கும். உதடு வெடிக்கும், புல்மேடு தீப்பிடிக்கும், பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகும். ஐப்பசியில் இடியோடு இரண்டு மூன்று மழை. பிறகு கார்த்திகை, மார்கழி, தை. வாடையோடு வருகிற அந்த மழைதான் எங்கள் மழை. பதுளையில் தூறல் என்றால் மடுல்சீமையில் அடைமழை. நாலு நாள் மலை கண்ணுக்கே தெரியாது. கம்பளி காயாது, விறகு புகையும், பிள்ளைகள் இருமும்.

கச்சான் மாதங்களிலும் அவர் அதே ஆறு மணிக்கு அதே கோட்டோடு வருவார். போத்தலைத் தூக்குவார். உள்ளே ஒரு செத்த எறும்பு இருக்கும். அதை ஊதித் தள்ளிவிட்டு, காலிக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, உள்ளே போய்ப் புத்தகத்தில் பூச்சியம் போடுவார். ஒரு நாள் நான் கேட்டே விட்டேன்.

"வெயில் கொளுத்துதுங்க. இன்னிக்குமா பாக்கணும்?"

"கண்ணு பொய் சொல்லும்டா தபால். காது அதவிடப் பொய் சொல்லும். தகரத்துல விழுந்தா பெரிய மழை, புல்லுல விழுந்தா சின்ன மழைன்னு சொல்லும். போத்தல் பொய் சொல்லாது. இல்லேன்னாலும் இல்லேன்னு அதுதான் சொல்லணும்."

எனக்கு அது பிடித்திருந்தது. பயந்தவனுக்கு உறுதியாகப் பேசுகிற ஆள் கிடைத்தால் மடியில் படுத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

துரை பந்தயத்தில் தோற்ற கதையையும் சொல்ல வேண்டும். மலை முதுகுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துத் துரையும் எங்கள் துரையும், அந்த மார்கழியில் யார் தோட்டத்தில் மழை அதிகம் என்று கிளப்பில் பந்தயம் கட்டியிருந்தார்கள். மாதக் கடைசியில் எங்கள் பக்கம் ஒரு அங்குலம் குறைவு. நான் தபால் பைக்காக ஆபீஸ் வாசலில் நின்றேன். துரை சிரித்துக்கொண்டே, ஏதோ ஒரு நாளில் ஒரு அங்குலத்தைச் சேர்த்து எழுதிவிடு, யாருக்கு என்ன நட்டம் என்று சொன்னார். கிளாக்கரையா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"போத்தல் அப்படிச் சொல்லலைங்க சேர்."

துரையின் முகம் சிவந்துவிட்டது. வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். துரை அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். பந்தயம் தோற்றது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பதைத் துரை வேதம் மாதிரி நம்பினார். தோட்டம் முழுக்க ஒரு வாரம் இதே பேச்சு. துரைக்கே பொய் எழுத மாட்டேன் என்றவர் என்று நானும் கடைவீதி வரைக்கும் போய்ப் பெருமையடித்தேன்.

என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

அவர் கிளாக்கராவதற்கு முன்பு மலையில் தராசு பிடித்துக் கொழுந்து நிறுத்தவர். பெண்கள் கூடையை அமுக்கி அமுக்கி நிரப்பி, கோபுரமாக்கிக் கொண்டு வருவார்கள். தராசுக் கொக்கியில் மாட்டும்போது மேலே இருக்கிற கொழுந்து கொஞ்சம் கீழே சரியும். கீழே சாக்கு விரித்திருக்கும். சாக்கில் விழுந்தது ஸ்டோருக்குப் போகும், தேயிலையாகும், கப்பலேறும். பறித்தவள் பேரில் மட்டும் ஏறாது. அது எங்கள் தோட்டத்து வழக்கம். அவருக்கு முன்பு நிறுத்தவர்கள் கண்டும் காணாமல் ஒரு கை அள்ளிக் கூடையில் போடவிடுவார்கள். இவர் விட மாட்டார்.

"வழிஞ்சது கணக்கில்ல. அடுத்த கூட."

"நான் பறிச்சதுதானங்கய்யா. இந்தா பாருங்க, என் கைக் கறை."

"கூடையில இருக்குறதுதான் ஒன்னோடது. வழிஞ்சது கணக்கில்ல."

ஈரக் கொழுந்து என்றால் மழைத் தண்ணீருக்கென்று ஒரு பங்கைக் கழிப்பார். அதையும் குறைக்க மாட்டார், கூட்டவும் மாட்டார். பறித்தவளும் அவரும் மட்டுமே நிற்கிற இடத்திலும் அப்படித்தான். திருட்டு இல்லை, ஓரவஞ்சனை இல்லை. அதனால் யாராலும் அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை. வெறுக்க மட்டும் முடிந்தது.

கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை உண்டு. தபால் பிரியும் வரை நாலைந்து தோட்டத்துத் தபால்காரர்கள் அங்கேதான் குந்தியிருப்போம். மாதம் பிறந்தால் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் கொழும்புக்கு ஒரு மழை அட்டை போகும். ஒவ்வொரு நாளும் எத்தனை அங்குலம் என்று எழுதிய சின்ன அட்டை. உறையில்லாமல் போவதால் நாங்கள் ஒருவர் அட்டையை ஒருவர் வாங்கிப் பார்ப்போம். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஒரு தை மாதம் என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எங்க தோட்டத்துல ஒம்பது, ஏழரை, பத்துன்னு இருக்கு. ஒங்க தோட்டத்துல எப்பப் பாத்தாலும் ஆறு. நாலு நாளும் ஆறு, ஆறு, ஆறு, ஆறு. ஒங்க வானம் என்னப்பா, படியில அளந்து ஊத்துதா?"

"நம்ம கடை படிய வாங்கிட்டுப் போயிருக்கும் தம்பி," என்றார் நானா. "அதான் ரெண்டு நாளா காணோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சாயத்தண்ணியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். நாலு மைலும் அதையே நினைத்துக்கொண்டு ஏறினேன். அடுத்த பெருமழை வந்த காலையில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். போத்தல் கழுத்து வரை நிறைந்திருந்தது. பன்னிரண்டு தடவை கண்ணாடியில் ஊற்றினார். ஒரு கண்ணாடி அரை அங்குலம். ஆறு அங்குலம் என்று எழுதிக்கொண்டார். பிறகு போத்தலைச் சுற்றி வாளியில் நின்ற தண்ணீரை அப்படியே தூக்கி ரோசாச் செடிக்கு ஊற்றினார்.

"ஐயா, அது என்ன தண்ணிங்க?"

"போத்தல் ரொம்பி வழிஞ்சது."

"அதுவும் மேல இருந்து வந்த மழைதானங்களே."

"கூடையில இருந்து விழுந்ததும் செடியில இருந்து வந்த கொழுந்துதான். எழுதுனமா? வழிஞ்சது கணக்கில்லடா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போத்தல் ஆறு அங்குலம்தான் பிடிக்கும். அதற்கு மேல் வருகிற மழையைப் பிடித்து வைக்கத்தான் அதைச் சுற்றி வாளியே இருக்கிறது. கொழுந்து நிறுத்த புத்தியை மாற்றாமல் அப்படியே மழைக்குக் கொண்டு வந்திருந்தார் மனுசன். பந்தயம்கூட நாங்கள் ஜெயித்திருக்க வேண்டியதுதான். ஜெயித்த மழையை எல்லாம் ரோசாச் செடி குடித்துவிட்டது.

இது வெறும் இலக்கத்தோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அதற்கடுத்த கார்த்திகையில் பணிய லயத்துக்கு மேலே மண் வெடித்தது. தோட்டத்தில் கீழே இருக்கிறதைப் பணிய என்போம். அந்த லயம் செங்குத்தான மலைக்கு நேர் கீழே இருந்தது. வெடிப்பில் என் கை முழங்கை வரை போயிற்று. துரை வந்து பார்த்தார். நல்ல துரைதான், உடனே உத்தரவு போட்டார். ஒரு நாள் மழை எட்டு அங்குலம் என்று புத்தகத்தில் ஏறினால், பணிய லயத்து ஆட்கள் எல்லோரும் சட்டி பானையோடு ஸ்டோர் மாடிக்கு ஏறிவிட வேண்டும். மாடிச் சாவி தேயிலை போடுகிற ஐயாவிடம் இருக்கும், உத்தரவு வந்தால் திறப்பார்.

பெரட்டில் கங்காணி அதைச் சத்தமாகச் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து விரல் விட்டுப் பார்த்தேன். போத்தல் பிடிப்பது ஆறு. உத்தரவு எட்டுக்கு. ஆறு பிடிக்கிற போத்தல் எட்டை எப்படிச் சொல்லும்?

பணிய லயத்தில் மூன்றாவது காம்பராவில் என் அக்கா இருந்தாள்.

பயந்து பயந்து ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்து மேசையில் வைத்து, பொறுமையாக ஒவ்வொரு மார்கழியாகப் புரட்டிக் காட்டினார்.

"பாரு. இத்தன வருசத்துல இந்தத் தோட்டத்துல ஆறுக்கு மேல ஒரு நாளாவது பேஞ்சிருக்கா? இல்ல. அப்பறம் என்ன பயம்?"

"போத்தல் அவ்வளவுதானங்க புடிக்கும்."

"நீ எத்தனாம் வகுப்பு வரைக்கும் படிச்ச?"

"மூணுங்க."

"அப்ப மூணோட நிறுத்திக்க."

உள்ளே இருந்த சின்னக் கிளாக்கர் சிரித்தான். நான் வந்துவிட்டேன். துரையிடம் நேரே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் பங்களா வாசலில் கடுதாசிகளைக் கொடுக்கும்போது வாயைத் திறந்தேன். "என்ன?" என்றார் துரை. "ஒண்ணுமில்லீங்க" என்றேன். எதற்கெல்லாமோ பயந்து கத்தியவன், கத்த வேண்டிய ஒரே இடத்தில் ஒண்ணுமில்லை என்றேன்.

அந்த மார்கழியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பதினாறாம் நாள். முந்தின நாள் காலையிலிருந்து நிற்காத மழை. ஆறரை மணிக்குப் பையோடு இறங்கினேன். முதல் ஓடையிலேயே பாதை இல்லை. திரும்பி ஆபீசுக்கு வந்தபோது ரோசாச் செடிகளின் அடியில் தண்ணீர் குளமாக நின்றது.

"இன்னிக்கு எவ்வளவுங்க?"

"ஆறு."

"வாளியில?"

அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசல் படியில் மண்டி போட்டேன்.

"ஐயா, தொரைகிட்ட எட்டுன்னு சொல்லிருங்க. ஒரே ஒரு தடவ. ஒங்க கால்ல விழுறேன். அக்கா பச்ச ஒடம்புக்காரி அங்க இருக்கா."

அவர் குரலை உயர்த்தவில்லை. "தொரைக்காக ஒரு அங்குலம் கூட்டாதவன் நான். ஒனக்காக ரெண்டு கூட்டணுமா? எந்திரி. போத்தல் சொன்னா நானே ஓடி வந்து சொல்லுவேன்."

பணிய லயத்துக்கு ஓடினேன். அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டாருய்யா தபாலு. இன்னிக்கு யாருகிட்ட இருந்து கடுதாசி, வருண பகவானா?"

வாளித் தண்ணீர் விசயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "கொழுந்துல இருக்குற மழையக் கழிக்கத் தெரியுது. போத்தலுக்கு வெளிய இருக்குற மழையக் கூட்டத் தெரியலையாக்கும். படிச்சவராம்."

"வெளையாடாத அக்கா. எந்திரி, மேல போயிருவோம்."

"மேலன்னா எங்க? ஸ்டோர் மாடி பூட்டிக் கெடக்கு. இந்த மழையில இந்தப் பிஞ்ச வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கச் சொல்றியா? உத்தரவு வரட்டும்டா. கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போவாங்க, ராணி மாதிரி வர்றேன்."

"உத்தரவு வந்தா நாங்களே ஏறிருவோம் மாப்ள," என்றார் மச்சான். "நீ மொதல்ல தலையத் தொட."

பக்கத்துக் காம்பராக்களிலும் சொன்னேன். தபால்காரன் பயம் என்றார்கள். அக்கா கொடுத்த சாயத்தண்ணியைக் குடித்தேன். அதையும் குடித்தேன், நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. சாவியை எப்படியாவது கெஞ்சி வாங்கலாம் என்று ஸ்டோருக்கு ஏறினேன். தேயிலை போடுகிற ஐயா, "ஆபீசுல இருந்து சீட்டு வந்தாத்தான்" என்றார். அங்கேயே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பகல் இரண்டு மணி இருக்கும். கல்லை ஏற்றிய வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தபோது லயத்தின் முன் பாதி இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும்தான் இருந்தது. அதன் மேலும் மழை பெய்துகொண்டே இருந்தது.

ஏழு பேர். அக்கா, மச்சான், குழந்தை, பக்கத்துக் காம்பராவில் நாலு பேர்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பதுளைக்குப் போக வேண்டிய கடுதாசியை வாங்க ஆபீசுக்குப் போனேன். உடம்பெல்லாம் மண். மழை விட்டுத் தூறலாகியிருந்தது. அவர் வேலிக்குள் இருந்தார். குடை இல்லை. போத்தலை ஊற்றினார். பன்னிரண்டு கண்ணாடி. பிறகு நான் ஒருநாளும் பார்க்காத ஒன்றைச் செய்தார். வாளியை வெளியே எடுத்து அதிலிருந்த தண்ணீரையும் கண்ணாடியில் ஊற்றினார். ஒன்று, இரண்டு என்று அவர் உதடு எண்ணியது. பத்து. மொத்தம் பதினோரு அங்குலம். கோட்டு நுனி சேற்றில் கிடக்க அப்படியே குந்தியிருந்தார்.

"பதினொண்ணு," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கவிழ்த்து உதறினார்.

"எழுதுங்கய்யா."

"இன்னிக்குப் பதினொண்ணுன்னு எழுதுனா, நேத்து எப்படி ஆறுன்னு கேப்பாங்க. முந்தின வருசத்து ஆறெல்லாம் என்னன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்ங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. அழுதிருப்பார் போல. அழட்டும்.

"எழுதுனா எந்திரிச்சு வந்துருவாங்களாடா?"

உள்ளே போனார். புத்தகத்தைத் திறந்தார். ஆறு என்று எழுதினார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நான் இவ்வளவு நாள் இவ்வளவு கோபத்தைச் சுமந்திருக்க மாட்டேன். ஒரு அங்குலம் கூட்ட மாட்டேன் என்று துரைக்கு முன்னால் எழுந்து நின்ற அதே மனிதர், அதே நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து அங்குலத்தை விழுங்கினார். கேட்டால் பொய் இல்லை என்பார். போத்தலில் இருந்தது ஆறுதானே.

அடுத்து செத்தவர்கள் பட்டியலை எழுதினார். அதுவும் ஆறு.

"ஏழுங்க. குழந்த இருக்கு."

"பேர் வைக்கல. இன்னும் பதியவும் இல்ல. என்னன்னு எழுதுறது?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் கேட்டது.

விசாரிக்க இரண்டு பேர் குதிரையில் வந்தார்கள். புத்தகத்தைப் பார்த்தார்கள். எட்டைத் தாண்டவில்லை, தோட்டத்தின் மேல் பிழை இல்லை. அப்படியானால் மலை ஏன் சரிந்தது? லயத்துக்கு மேலே ஆட்கள் போஞ்சிப் பாத்தி வெட்டியதால்தான் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அக்காவுக்கும் அங்கே நாலு பாத்தி இருந்தது. ஆக, அவளே மண்ணை வெட்டித் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று ஆகிவிட்டது. மிச்சமிருந்த பாத்திகளையும் பிடுங்கி எறிந்தார்கள். பிறகு அதே இடத்தில் புது லயம் கட்டினார்கள். அந்த இடத்தில் ஆறுக்கு மேல் பெய்வதில்லை என்றுதான் புத்தகம் சொல்கிறதே.

தை பிறந்ததும் அந்த மாதத்து மழை அட்டையை என்னிடம் கொடுத்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஆறு. ஓடைப் பாலத்தில் நின்று அதை வெளியே எடுத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். ஓரத்தில் பென்சிலால் பதினொன்று என்று எழுதியிருக்கலாம், எனக்கு இலக்கம் தெரியும். கையில் கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் என்று ஐந்தாறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டு, கொண்டுபோய்ப் போட்டேன். அவரைத் திட்டும்போதெல்லாம் அந்தப் பாலத்தையும் சேர்த்தேதான் திட்டுகிறேன்.

அதன் பிறகு அவரிடம் நான் பேசியதெல்லாம் "பை தாங்க" என்ற இரண்டு சொல்தான். அவரும் மாறவில்லை. ஆறு மணி, கோட்டு, குடை, போத்தல். ஒன்று மட்டும் மாறியது. வாளித் தண்ணீரை ரோசாச் செடிக்கு ஊற்றுவதை விட்டுவிட்டார். ஆபீசுக்குப் பின்பக்கம் எடுத்துப் போய், யாரும் பார்க்காத இடத்தில் ஊற்றினார். என்னைத் தவிர வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

புது லயத்தில் எனக்கும் ஒரு காம்பரா கிடைத்தது. மூன்றாவது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள். வாசலில் பாதியாக வெட்டிய ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்து, அதை ஒரு பெரிய அண்டாவுக்குள் நிறுத்தி வைத்தேன். ஆட்கள் சிரித்தார்கள்.

பெரிய யுத்தம் முடிந்த வருசம் அவர் வேலையை விட்டு, பண்டாரவளையில் மகள் வீட்டுக்குப் போனார். போகிற அன்று பெட்டி தூக்குகிறவனை மேலே நிறுத்திவிட்டு, வழுக்கி வழுக்கித் தனியாக லயத்துக்கு இறங்கி வந்தார். லயத்து மண்ணில் அவர் கால் வைத்து நான் பார்த்தது அன்றுதான். தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"எத்தன அங்குலம் புடிக்கும்?"

"புடிக்கிற வரைக்கும் புடிக்கும். வழிஞ்சா அண்டா இருக்கு."

தலையை ஆட்டினார். கோட்டுப் பையிலிருந்து கைலேஞ்சித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். அளவுக் கண்ணாடி. ஆபீஸ் சாமான், எடுத்து வந்திருக்கக் கூடாது. வாழ்க்கையில் அவர் செய்த ஒரே களவு அதுவாகத்தான் இருக்கும்.

"ஒங்க அக்கா எந்தக் காம்பரா?"

"இதேதான். மூணாவது."

அவர் மலையை நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று வருசக்கணக்காக யோசித்தும் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நான் கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். சப்பாத்தெல்லாம் சேறாக ஏறிப் போனார்.

அடுத்த மார்கழியில் ஒரு நாள், காலையிலிருந்து விடாத மழை. மத்தியானம் தகரம் ரொம்பி அண்டாவில் வழிந்தது. தகரத்தையும் அண்டாவையும் வீட்டுக்குள் தூக்கிவைத்து, கண்ணாடியில் ஊற்றி ஊற்றி எண்ணினேன். அண்டாவின் வாயும் புனலின் வாயும் ஒன்றில்லை என்று தெரியும், அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். எட்டரை. காம்பரா காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டினேன். "தொரை உத்தரவு, எல்லாரும் ஸ்டோருக்கு ஏறுங்க" என்றேன். அப்படி ஒரு பொய் என் வாயிலிருந்து வரும் என்று நானே நினைத்ததில்லை. சட்டி பானை, கோழி, பாய், பிள்ளைகள் எல்லாம் ஏறினார்கள். தேயிலை போடுகிற ஐயாவும் நம்பி மாடியைத் திறந்துவிட்டார்.

மலை சரியவில்லை. நாலு மணிக்கு வெயிலே அடித்தது. உத்தரவு எதுவும் இல்லை என்று அதற்குள் தெரிந்துவிட்டது.

"பைத்தியம் முத்திருச்சு இவனுக்கு."

"எம் புள்ள நனைஞ்சு போச்சு, காய்ச்ச வந்தா நீ பாப்பியா?"

"ஒன் பயத்த நீயே வச்சுக்கடா, ஊருக்கு ஏன் பங்கு வைக்கிற?"

கங்காணி திட்டினார், பெண்கள் திட்டினார்கள், சிறுசுகள்கூடக் கேலி செய்தன. நான் ஸ்டோர் படியில் நின்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். லயமே சேர்ந்து திட்டியும், அதில் எனக்கு ஏழு குரல் குறைந்தேதான் கேட்டது.